சுறுசுறுப்பும் அறமும்

தேனீயைச் சுறுசுறுப்புக்கு உவமையாக்குதல் பழைய வழக்கம். பாடநூலிலும் மேடையிலும் எடுத்தாளப்படும் இவ்வுவமை, உழைப்பை அறமாகவும் ஓய்வைக் குற்றமாகவும் ஒருசேர நிறுவிவிடுகின்றது. உவமைக்குரிய உயிரினத்தின் அன்றாட வாழ்வு அத்தீர்ப்புக்கு இடந்தருகின்றதா என்பது ஆராயத்தக்கது.

மரப்பொந்துகளிலும் சுவர் இடுக்குகளிலும் வாழும் கொடுக்கற்ற சிறு தேனீ இதற்கு ஏற்ற சான்றாகும். பிரெடெரிக் சிமித் 1854 இல் இலங்கை மாதிரியைக் கொண்டு விவரித்த இவ்வினம், இன்று தெற்றாகோனுலா இரிடிபெனிஸ் எனப்படும். மெழுகும் பிசினும் குழைத்துச் செய்த குழாயே இதன் கூட்டு வாயில். அங்கே காவல் தேனீக்கள் நிற்கும். விடிந்தவுடன் எல்லாம் பறந்துவிடுவதில்லை. போதிய ஒளியும் வெப்பமும் வந்த பின்னரே போக்குவரத்துப் பெருகும். மகரந்தம் பெரும்பாலும் காலையிலேயே கொண்டுவரப்படும். பல பூக்கள் அவ்வேளையில் அதனை வெளிவிடுவதும் அது விரைவில் தீர்ந்துபோவதுமே காரணம். பூந்தேனும் பிசினும் தேடிச் செல்வது அதற்குப் பின்னும் தொடரும். மழை பெய்தால் வாயில் வெறிச்சோடிவிடும். கடமையுணர்வு எனக் கொண்டாடப்படுவதிற் பெரும்பகுதி, பூவும் வெயிலும் வகுத்த நேரசூசியே.

வாயிலில் நின்று எண்ணுபவர் காண்பது கூட்டின் ஒரு பகுதியை மட்டுமே. இளந்தேனீக்கள் அகத்தே அறைகளைக் கட்டும், குஞ்சுகளுக்கான உணவை அவற்றில் முன்கூட்டியே நிரப்பும். வயது முதிர்ந்தவையே வெளியே செல்லும். எப்பணியும் செய்யாது நிற்பவையும் உண்டு. கொட்டுந் தேனீ ஒன்றை அதன் வாழ்நாளில் ஏறத்தாழ 177 மணிநேரம் அவதானித்த மாட்டின் லிண்டவர், அதில் ஐந்தில் இரண்டு பங்களவு அது சும்மா இருந்ததை 1952 இல் வெளியிட்டார். எதிர்பாராது ஒரு மரம் பூத்தாலோ கூடு தாக்கப்பட்டாலோ உதவுவது இந்தச் சேமிப்பு ஆற்றலே. அதனைச் சோம்பல் என்பது கணக்கு அறியாதார் கூற்று.

சுறுசுறுப்பு தன்னளவிலேயே அறமெனின், இன்னொரு வினாவும் எழும். அமெரிக்க அயனமண்டலத்து லெஸ்ட்ரிமெலிற்றா என்னும் கொடுக்கற்ற தேனீக்கள் பூக்களை நாடுவதில்லை. மகரந்தம் சுமக்கும் கூடை அவற்றின் கால்களில் இல்லை. பிற தேனீக்களின் கூடுகளைச் சூறையாடியே அவை வாழ்கின்றன. அச்சூறையும் சுறுசுறுப்பாகவே நிகழ்கின்றது! எனவே உழைப்பின் மதிப்பை அதன் வேகம் தீர்மானிப்பதில்லை. அது எதற்காக, விளைவு யாரைச் சேருகின்றது என்பனவே தீர்மானிக்கின்றன.

தேனீக்கு இவ்வினாக்கள் இல்லை. மிக மோசமான கட்டடக் கலைஞனும் கட்டுமுன் மனத்திற் கட்டுகின்றான் என்பதால் மிகச் சிறந்த தேனீயினின்றும் வேறுபடுகின்றான் என 1867 இல் மார்க்ஸ் சுட்டினார். தெரிவு இல்லாதவிடத்துப் புகழ்ச்சியும் பழியும் பொருந்தா. ஆகவே தேனீயின் உழைப்பைக் காட்டி மனிதரை ஏவுதல் எவ்வளவு தவறோ, அதன் ஓய்வைக் காட்டி மனிதருக்கு ஓய்வு கோருதலும் அவ்வளவு தவறே. அக்கோரிக்கைக்கு மனித நியாயமே போதுமானது.

மலையகத் தேயிலைத் தோட்டங்களில், குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்த நாளில் 'அரைப்பேர்' போடுதல் நெடுங்கால வழக்கம். வரட்சியில் செடி துளிர்க்காமை கொய்பவளின் குற்றமன்று. நிறுவையிற் குறைந்தது அவளுடைய முயற்சியா, மழையா என்பதைத் தராசு வேறுபடுத்தாது. பெயரேட்டில் அவளுடைய பெயருக்கு எதிரேதான் அந்த அரை எழுதப்படுகின்றது.