புனிதமும் காவலும்

ஒரு காட்டைத் தெய்வத்தின் இருப்பிடமாகக் கருதுவது அக்காட்டைக் காக்குமா என்னும் கேள்விக்குக் கோயில்காடுகளைச் சான்று காட்டி ஆம் என்போர் உண்டு. மனித நடமாட்டமற்ற காடே பிழைக்கும் என்று கொண்டு, வழிபாட்டையும் குடியிருப்பையும் ஒருசேர வெளியேற்ற விரும்புவோரும் உண்டு. இவ்விரு விடைகளையும் ஒருங்கே உரசிப் பார்க்கக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் மிகவும் பொருத்தமான இடம். ஏனெனில் மழைக்காடு, அருகிவரும் விலங்குகள், காணிக்காரர் என்னும் மலைக்குடியினரின் குடியிருப்புகள், இலட்சக்கணக்கானோர் கூடும் கோயில் ஆகிய நான்கும் அங்கே தாமிரபரணியின் தலைப்பகுதியில் நெருங்கி அமைந்துள்ளன.

இரு பருவமழைகளும் நனைக்கும் இக்காப்பக மலைக்காட்டின் மேல்தளத்தில் வெடிப்பலா மரம் மிகுதி. கிளையை ஒட்டியே கொத்துக் கொத்தாகப் பூக்கும் இம்மரத்தின் சதைப்பற்றான பூவைத் தின்ன வரும் பாலூட்டிகளே மகரந்தத்தையும் சுமந்து செல்கின்றன. பின்னர் முள் போர்த்த காயைப் பிளந்து விதை தின்னும் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, தன் உணவில் பெரும்பங்குக்கு இம்மரத்தை நம்பியிருக்கிறது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு ஒரு குட்டி மட்டுமே ஈனும் இவ்விலங்குக்காகவே 1976இல் களக்காடு சரணாலயம் உருவாயிற்று; முண்டந்துறைச் சரணாலயத்தோடு இணைந்து 1988இல் அது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயிற்று.

இக்காப்பகத்தினுள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசையை ஒட்டி வருவோர், குடில் அமைத்து, கிடாய் வெட்டிப் பொங்கலிட்டுத் தங்குகின்றனர். கீழே பாபநாசத்தில் நீராடுவோரில் பலர் உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்கின்றனர். இதை வெறும் அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடியாது. பாவத்தைப் போக்கும் நீரில் எந்த அழுக்கும் ஒட்டாது என்னும் நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. தீட்டு என்பது சடங்கு சார்ந்த தூய்மைக்கேடு, மாசு என்பது பொருள் சார்ந்தது. முன்னதற்கு நூறு விலக்குகளை வகுத்த சமயம், பின்னதை ஒரு குற்றமாகவே எண்ணிப் பார்க்காதபோது, புனிதம் காட்டுக்கு அரணாவதற்கு மாறாகக் கூட்டத்தை அழைத்து வரும் காரணமாகி விடுகிறது.

எனினும், அதே கோயிலில் வேறொரு சமயச் சிந்தனையும் குடிகொண்டிருக்கிறது. அங்குள்ள பட்டவராயனுக்கு அடியார்கள் தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுகின்றனர். தொங்கும் செருப்பின் அடி தேய்ந்திருந்தால், தெய்வம் அதை அணிந்து காட்டைச் சுற்றி வந்ததற்கு அடையாளம் என்பது நம்பிக்கை. பட்டவராயனின் கதையைச் சொல்லும் முத்துப்பட்டன் கதைப்பாடலின்படி, பிராமணனாகப் பிறந்த அவன் சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணப்பதற்காகத் தோல் தொழிலை ஏற்று, மாமனாரின் மாட்டுக்குக் காவல் நின்று, மாடு கவர வந்தவரோடு பொருது மாண்டான். பிறப்பின் உயர்வை விட்டு, அவ்விடத்து மக்களின் வேலையைத் தன் கையால் செய்த பின்னரே அவனுக்குக் காவல் தெய்வம் என்னும் தகுதி கிட்டிற்று என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. புனிதம் இங்கே உழைப்பால் ஈட்டப்படுகிறது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் இன்றைய சட்டத்தின் இரட்டை மனம் தெளிவாகிறது. 2006இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், புலிகள் காப்பகத்தின் உட்பகுதி மனிதரால் ஊறு நேராத நிலமாக இருக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டின் வன உரிமைச் சட்டமோ, காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தையே அங்கு வாழும் உரிமைதாரருக்கும் கிராமசபைக்கும் அளிக்கிறது. அர்ச்சகர் தவிர எவரும் நுழையாத கருவறையைப் போல, அலுவலர் தவிர எவரும் நுழையாத காட்டைக் கற்பனை செய்யும் முதல் பார்வையும், அறிவியலின் மொழியில் பேசினாலும், ஒரு சமயப் பார்வைதான். அதற்கு மறுதலையாகக் காணிக்காரரை இயல்பிலேயே தீங்கறியாதவர் என்று போற்றுவதும் சரியன்று. இவ்வாண்டு தேனெடுத்த மரத்துக்கு மறு ஆண்டும் திரும்பி வர வேண்டியிருப்பதே அவர்களது அடக்கத்தின் வேர், அந்த உரிமை பறிபோனால் அடக்கத்துக்கும் காரணம் இராது.

மலைக்குடி அல்லாதாருக்கும் உழைப்பால் ஈட்டும் காவலுரிமை என்னும் இவ்வளவுகோல் பொருந்துமா என்பது இம்மலையின் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் எழும் கடினமான சிக்கல். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டை அழித்து உண்டான அத்தேயிலைத் தோட்டம், குத்தகைக் காலம் முடியுமுன்னரே 2024இல் கைவிடப்படலாயிற்று. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறும் வழி காட்டப்பட்டது. அந்நிலம் சோலைமந்திக்குத் திரும்ப வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாற்றங்கால் அமைத்து, உள்ளூர் மரக்கன்றுகளை நட்டு, களையெடுத்து மழைக்காட்டை மீட்பது பல்லாண்டு வேலை; அதை அச்சரிவுகளிலேயே பிறந்து வளர்ந்தவரிடம் ஒப்படைப்பதா, அவர்களை அடிவாரத்துக்கு அனுப்பிவிட்டுப் புதிய கூலியாட்களை ஏற்றுவதா என்பது நிர்வாகச் செய்தியாகத் தோன்றினாலும், பட்டவராயன் கதையை நம்பும் சமயம் முன்னதையே கேட்டாக வேண்டும்.