அறியப்படாத சார்பு

பிறிதொன்றைப் பற்றி நிற்கும் பொருள், தான் எதைப் பற்றி நிற்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டுமா, அறியாமலே நிலைபெற்றால் போதாதா என்னும் வினா காஞ்சிபுரத்துக்குப் புதியதன்று; பௌத்தரும் வைணவரும் சைவரும் தத்தம் வழியில் அதனை ஆராய்ந்த நகரம் அது. அவ்வினாவே இன்று, விரிதாள் மேக்ரோக்களில் நூலகங்களைத் தானாக இணைக்கும் நிரல் எழுதுவோரிடத்தும் எழுகிறது. அதனை வெறும் தொழில்நுட்பச் சிக்கலாகக் கொண்டு தீர்க்க முற்படுவோர் பாதி விடையோடு நின்றுவிடுகின்றனர்.

மேக்ரோ என்பது, விரிதாளில் மீண்டும் மீண்டும் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்து முடிக்குமாறு எழுதப்படும் சிறு நிரல். எக்செலில் அது 1993 முதல் விபிஏ மொழியில் எழுதப்பட்டு வருகிறது. பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, உறுப்பினருக்கு எடைபோட்டுக் கொடுத்த பட்டு நூல், ஜரிகை ஆகியவற்றையும், அவர் நெய்து கொணர்ந்த சேலையின் எடையையும், தர வேண்டிய கூலியையும் விரிதாளில் பதிந்து வைத்திருப்பதாகக் கொண்டால், மாத இறுதியில் அக்கணக்கைத் தொகுத்து அவுட்லுக் என்னும் மின்னஞ்சல் மென்பொருள் வழியே அனுப்பும் பணியை ஒரு மேக்ரோவிடம் ஒப்படைக்கலாம். அவுட்லுக்குக்கு உரிய பொருள்களை எக்செல் இயல்பாக அறியாது; அவற்றின் விவரம் நூலகம் எனப்படும் தனிக் கோப்பில் உள்ளது; அந்நூலகத்தை மேக்ரோவோடு சேர்த்துப் பதிவு செய்யும் தொடர்பே ரெஃபரன்ஸ் எனப்படுகிறது. புதிய பதிப்புள்ள கணினியில் சேமித்த கோப்பைப் பழைய கணினியில் திறக்கும்போது, பதிவான நூலகம் அங்கே கிடைக்காமல் போகக்கூடும். அவ்வாறு ஒரு ரெஃபரன்ஸ் அறுந்தால், அதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத தேதிக் கணக்கும் எழுத்துகளை வெட்டியெடுக்கும் எளிய செயலுங்கூடப் பிழை காட்டி நின்றுவிடுவது உண்டு. அறுந்தது ஓரிடம், விழுந்தது வேறிடம் என்பதால், நூலகத்தின் பெயரையே கேள்விப்படாத கணக்கர் தம் கணக்கில்தான் தவறு என்று தேடிக்கொண்டிருப்பார்.

இதற்கு மாற்றாகவே, ரெஃபரன்ஸை மேக்ரோவே சேர்த்துக்கொள்ளும் முறை கையாளப்படுகிறது. ஒவ்வொரு நூலகத்துக்கும் 128 பிட் அளவுள்ள தனி அடையாள எண் உண்டு. அவ்வெண்ணைக் கொண்டோ கோப்பின் இருப்பிடத்தைக் கொண்டோ நூலகத்தை இணைக்கும் கட்டளைகள் விபிஏயில் உள்ளன. ஆயினும், ரெஃபரன்ஸ் பட்டியலைத் திருத்தும் நிரல், அப்பட்டியலின் பொருள்களை வகைப்பெயர் கூறி அறிவித்துக்கொண்டால், அதற்கே வேறொரு நூலகத்தின் ரெஃபரன்ஸ் முன்னதாக வேண்டியிருக்கிறது. காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டத்தைப் பாடியவரும் தருக்க சங்கிரகத்தைத் தமிழில் தந்தவருமாகிய 18ஆம் நூற்றாண்டுச் சிவஞான முனிவர் பயின்ற தருக்க மரபில், ஒன்றை நிறுவ அதனையே துணைக்கொள்வது தன்னைப் பற்றுதல் என்றும், துணைக்குத் துணை தேடி முடிவின்றிச் செல்வது வரம்பின்றி ஓடல் என்றும் குற்றங்களாக வகுக்கப்பட்டுள்ளன. அவ்விரு குற்றங்களும் இங்கே நேர்படக் காணப்படுகின்றன. வகைப்பெயர் கூறாமல் பொதுப்பொருளாக அறிவித்து, நிரல் ஓடும் வேளையில் மட்டும் பெயர் சொல்லி அழைக்கும் பின்பிணைப்பு முறையால் அவ்வோட்டத்தை நிறுத்தலாம்.

ஆனால் அங்கும் ஒரு வாயில் அடைத்தே இருக்கிறது. 1999இல் மெலிசா என்னும் மேக்ரோ வைரஸ் மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவியது. அதன் பின் வந்த ஆஃபிஸ் எக்ஸ்பி முதல், ரெஃபரன்ஸ் பட்டியல் உள்ளிட்ட மேக்ரோவின் உள்ளமைப்பை ஒரு நிரல் தொடுவதற்குப் பயனர் தம் கையால் அனுமதி தர வேண்டும் என்னும் ஏற்பாடு உள்ளது. இயல்நிலையில் அவ்வனுமதி மறுக்கப்பட்டே இருக்கும். இதைப் போலவே, காஞ்சியின் தூப்புலில் பிறந்த வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர், இறைவனின் அருளே காக்கிறது என்று கொண்டபோதிலும், அவ்வருள் இறங்குவதற்கு உயிரின் பக்கத்தில் சரணாகதி என்னும் ஒரு செயல், வியாஜம், அதாவது சாக்கு, என்ற அளவிலேனும், வேண்டும் என்றார். திருவரங்கத்துப் பிள்ளை லோகாசாரியரின் மரபோ, காரணம் எதையும் எதிர்பாராமல் வருவதே அருள் என்றது. அருளைப் பற்றிய அவ்வழக்கில் எப்பக்கம் நிற்பது என்பது அவரவர் நம்பிக்கை. கருவியைப் பொறுத்தவரை தேசிகர் கேட்ட அச்சிறு செயலை விட்டுக்கொடுக்க இயலாது. ஏனெனில், கேளாமலே வந்து இணையும் நிரல் காக்க வந்ததா கெடுக்க வந்ததா என்று பயனரால் பிரித்தறிய முடியாது. அவ்வனுமதியை விண்டோஸின் பதிவேட்டில் மறைமுகமாக எழுதி வாங்கிக்கொள்ளும் நிரல், நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டதாயினும், பிறர் இசைவைத் திருடுகிறது.

சார்பை அறிந்திருக்க வேண்டுமா என்னும் தொடக்க வினாவுக்கு மிக ஆழமான விடை மணிமேகலை என்னும் பௌத்தக் காப்பியத்தில் உள்ளது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசிக்கும் பன்னிரு சார்புகளில், ஒன்று தோன்ற ஒன்று தோன்றி, அது நீங்க இது நீங்கும் தொடர்ச்சி விளக்கப்படுகிறது. அத்தொடரின் தலையில் நிற்பது பேதைமை, அதாவது உள்ளதை உள்ளவாறு அறியாமை. தனித்து நிற்கும் பொருள் எதுவும் இல்லை என்று கொண்ட பௌத்த தரிசனம் சார்ந்திருப்பதைக் குறையாகப் பேசவில்லை. துன்பத்தின் வேரை அறியாமையில்தான் கண்டது. இவ்வாறு நோக்கினால், பின்பிணைப்பு சார்பை ஒழித்துவிடுகிறது என்னும் பரவலான எண்ணமும் பிழையே. பட்டியலிலிருந்து பெயர் மறைந்தாலும் நூலகம் அக்கணினியில் இருந்தே தீர வேண்டும். முழுக் கோப்பும் முடங்காமல், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பிழை எழுவதும், அப்பிழையைப் பிடித்து இன்ன நூலகம் இல்லை என்று தெளிவான சொற்களில் அறிவிக்க இயல்வதுமே அதன் உண்மையான நன்மை. அவ்வறிவிப்பை எழுதாதவர் தம் அறியாமையைப் பிறருக்குக் கைமாற்றுகிறார்.

எனவே மேக்ரோ எழுதுவோர், தம் நிரல் எந்த நூலகத்தை, எந்தப் பதிப்பில், எதற்காகச் சார்ந்துள்ளது என்பதைக் கோப்பின் முதல் தாளிலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும்; அனுமதி தேவைப்பட்டால் காரணத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும்; இணைப்பு முடிந்ததும் அவ்வனுமதியை விலக்கிக்கொள்ளுமாறு கணக்கருக்குச் சொல்ல வேண்டும்.