நெஞ்சுக்குள் இருப்பது யாருடையது?

போன வருஷம் அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்தார்கள். விலையைக் கேட்டேன், பேட்டரி எத்தனை வருஷம் வரும் என்று கேட்டேன். உள்ளே ஓடும் மென்பொருளைப் பற்றிக் கேட்கத் தோன்றவே இல்லை.

கேரன் சாண்ட்லர் கேட்டார். அமெரிக்காவில் மென்பொருள் சுதந்திரத்துக்காக இயங்கும் ‘சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி’ என்ற லாப நோக்கற்ற அமைப்பை நடத்தும் வழக்கறிஞர். இதயத் தசை தடிக்கும் நோய் அவருக்கு. திடீர் மரணத்தைத் தடுக்க நெஞ்சில் டிஃபிப்ரிலேட்டர் வைக்க வேண்டும். அதன் மூல நிரலைக் காட்டச் சொன்னார், தயாரிப்பாளர்கள் மறுத்துவிட்டார்கள். உயிர் முக்கியம், பொருத்திக்கொண்டார். பிறகு கர்ப்பமாக இருந்தபோது வந்த சாதாரணப் படபடப்பை அந்தக் கருவி ஆபத்து என்று எடுத்துக்கொண்டு ஷாக் கொடுத்தது.

“காட்டினா மட்டும் உனக்குப் புரியுமாடா?” என்றான் நண்பன். புரியாதுதான். அப்பாவின் ஈசிஜியும் எனக்குப் புரியாது. ஆனால் அதை இன்னொரு டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போகலாம். பேஸ்மேக்கரின் நிரலை யாரிடம் எடுத்துப் போவது?

கன்சர்வன்சி ஆட்கள் செய்யும் வேலைகளில் ஒன்று, உரிமத்தைச் சுட்டிக்காட்டி நிறுவனங்களிடம் நிரலைக் கேட்பது. 2021இல் ஒரு டிவி நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டார்கள். டிவிக்கு இவ்வளவா என்று முதலில் சிரித்தேன்.

கேட்க வழியில்லாததைத்தான் இத்தனை நாள் நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்கப்போகிறேன். அவரிடமும் பதில் இருக்காது. இருந்தாலும் கேட்கணும்.