அந்த நீர் யாருடையது?

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக, பெருங்கடலின் சீற்றம் படாமல் உள்ளொதுங்கிச் செல்லும் நீர்வழி ஒன்றுண்டு. உல்லாசப் படகினர் தெற்கு நோக்கி வருகையில் தென் கரோலினாவின் வாக்கமா ஆற்றின் வழியே வருவர். இருகரையிலும் பறவைகள் நிறைந்த சதுப்பு வெளி, கண்ணுக்கு விருந்து. அவ்வெளியில் பல இடங்கள் தாமே தோன்றியவை அல்ல. ஆப்பிரிக்க அடிமைகள் காடு திருத்தி, கரையெழுப்பி, கடல் ஏற்றத்தால் உயரும் ஆற்று நீரை மதகு வைத்துப் பாய்ச்சி வடித்து நெல் விளைத்த வயல்கள் அவை. நெல்லை அறிந்த நமக்கு அவ்வுழைப்பின் கனம் விளங்கும்.

பின்னர், சல்லிவன் தீவின் சுழல்பாலம் திறக்கும்வரை உயர்ந்த பாய்மரங்கள் காத்திருக்கும். அத்தீவில்தான் கப்பலில் வந்த அடிமைகள் நோய்க்காவலில் அடைக்கப்பட்டனர். அதற்கப்பால் சார்லஸ்டன் துறைமுகம்.

1807இல் அந்நகரில் விற்கப்பட்டவர்களுள் ஒருவர் உமர் இப்னு சயீத். செனகல் ஆற்றங்கரையின் ஃபூத்தா தோரோவில் 25 ஆண்டுகள் கல்வி தேடிய ஆலிம். 1831இல் தம் வரலாற்றை அரபியில் எழுதியபோது, முகப்பில் 'அல்முல்க்' அத்தியாயத்தை வைத்தார். ஆட்சி எவன் கையில் என்பதைப் பேசும் அத்தியாயம் அது. பிறர் உடைமையாக வாழ்ந்த ஒருவர் அதனைத் தேர்ந்தது தற்செயலாக இருக்குமா?

அவ்வழியே இன்பப் பயணம் செல்வது பிழையா என்று கேட்கலாம். நான் அவ்வாறு கருதவில்லை. அழகைக் கண்டு மகிழ்வதில் என்ன குற்றம்? ஆக்கியவரைக் கேளாமல், அனைத்துக்கும் 'இயற்கை' என்று பெயரிட்டுவிடுவதே உறுத்துகிறது. நன்றி கூறவும் ஆள் தெரியவேண்டுமல்லவா?

அடிமைகள் இறங்கிய கேட்ஸ்டன் துறையில் 2023இல் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. படகைக் கட்டிவிட்டு நடந்தே போய்விடலாம்.