செவ்வாய்க்கிழமை சைக்கிள்

சைக்கிள் வாங்குவதில் என்ன பெரிய தத்துவம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். இருக்கிறது. இரண்டு லட்சம் ரூபாய்க்கு சைக்கிள் வாங்குகிறவர் தப்பாக வாங்கிவிட்டால் அது அவருக்கு ஓர் அனுபவம். அதையே பதினெட்டாயிரம் ரூபாய்க்கு வாங்குகிறவர் தப்பாக வாங்கினால் ஆறு மாதச் சேமிப்பு காலி. கையில் பணம் குறையக் குறைய, ‘எனக்கு என்ன வேண்டும்?’ என்ற கேள்விக்கு உண்மையான பதில் சொல்லியே ஆகவேண்டும். பணக்காரர்கள் அந்தக் கேள்வியைத் தள்ளிப் போடலாம். மற்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரைத் தெரியும். டிப்ளமோ படித்தவர். ஊர் திருவண்ணாமலைப் பக்கம். ஆலையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி மூன்று பேருடன் ஓர் அறையில் இருக்கிறார். சம்பளத்தில் பாதி ஊருக்குப் போய்விடும். ஷிஃப்ட் முடிந்து இரவில் வெளியே வந்தால் ஷேர் ஆட்டோ இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் லாரிகளின் ஓரமாக நடராஜா சர்வீஸ்தான்.

“சார், பட்ஜெட்ல ஒரு 29 இன்ச் ஹார்ட்டெயில் சொல்லுங்க. எம்.டி.பி.யாத்தான் வேணும்” என்றார்.

“கும்மிடிப்பூண்டியில மலை எங்கப்பா இருக்கு?”

“மலை இல்லாட்டி என்ன சார்? குழி இருக்கே!”

நியாயமான பதில். ஆகவே விஷயத்தை ஒழுங்காகப் பார்த்துவிடுவோம்.

ஹார்ட்டெயில் என்றால் பின்பக்கம் ஸ்பிரிங் கிடையாது, முன்பக்க ஃபோர்க்கில் மட்டும்தான் சஸ்பென்ஷன். எம்.டி.பி. என்பது மவுன்டன் பைக். இந்த மலை சைக்கிளின் பூர்வீகம் கொஞ்சம் சுவாரஸ்யமானது. 1970-களில் கலிஃபோர்னியாவின் மாரின் பகுதியில் சில இளைஞர்கள், 1930, 40-களில் பையன்கள் ஓட்டிய பழைய, குண்டு டயர் சைக்கிள்களைச் சல்லிசாகப் பிடித்து, மலைமீது ஏற்றி, மண் பாதையில் உருட்டிவிட்டு விளையாடினார்கள். கீழே வருவதற்குள் பின்சக்கர ஹப்பில் இருக்கும் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். முதல் பந்தயம் நடந்தது 1976-ல். அடுத்த வருஷமே ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே தனியாக ஒரு ஃபிரேம் செய்தார். ஆக, உலகத்தின் முதல் மலை சைக்கிள்கள் எல்லாம் பழைய சைக்கிள்கள்தான். இன்றைக்கு ‘என்ட்ரி லெவல்’ என்கிறார்களே, அவற்றுக்கு அந்த லெவல்கூட இல்லை!

அந்தப் பழைய சைக்கிள்களின் சக்கரம் 26 இன்ச். அதனால் மலை சைக்கிள் என்றாலே 26 என்று ரொம்ப காலம் ஓடியது. 2000-க்குப் பிறகுதான் 29 இன்ச் பிரபலமானது. பெரிய சக்கரம் குழியில் இறங்காமல் தாண்டிப் போகும் என்றார்கள். உண்மைதான். சின்னச் சக்கரம் விழுகிற பள்ளத்தைப் பெரிய சக்கரம் உரசிவிட்டுப் போய்விடும்.

இனி ஒரு சின்ன வேடிக்கை. 29 இன்ச் டயரின் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், 622 என்று ஓர் எண் இருக்கும். டயர் ரிம்மில் உட்காருகிற இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். உங்கள் தாத்தா ஓட்டிய கறுப்பு சைக்கிளில் 28 இன்ச் டயர் இருக்குமே, அதில் அந்த எண் என்ன தெரியுமா? 635. ஆமாம், தாத்தாவின் ரிம்தான் பெரிசு! குண்டு டயர் போடுவதால் மட்டுமே 29 கொஞ்சம் உயர்ந்து நிற்கிறது. மொத்த உயரத்தில் வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. புதுப் புரட்சி என்று நாம் காசு கொடுத்து வாங்குவது, பால்காரர் கேன் கட்டிக்கொண்டு போன சக்கரத்தைத்தான்.

சக்கரம் என்றால் திருவள்ளூர் மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில்தான் வளர்ந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். டன்லப் டயர் ஆலை ஒன்றும் அம்பத்தூரில் ஓடியது. ஆலை போய், பெயர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் மிச்சம். அம்பத்தூரே 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. ஆனால் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் மிஷெலின் இருக்கிறது. இப்போது லாரி டயர் செய்யும் அந்தக் கம்பெனி பெயர் எடுத்தது 1891-ல், சைக்கிளுக்குக் கழற்றி மாட்டக்கூடிய டயர் செய்துதான். இத்தனை சக்கரம் உருண்ட மண்ணில் ஒருவர் சக்கரம் தேடி அலைகிறார்.

சரி, தேர்வுக்கு வருவோம்.

நான் பி.காம். படித்தவன். ஐந்தொகையில் இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும் என்பது எங்களுக்கு வேதவாக்கு. விலை பதினெட்டாயிரம் என்று நிர்ணயமாகிவிட்டால், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எதையாவது கூடுதலாகக் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எதையாவது குறைத்துத்தான் ஆகவேண்டும். கடையில் நிற்கும் சைக்கிளில் கண்ணுக்குத் தெரிவது என்ன? முன்பக்க ஸ்பிரிங், டிஸ்க் பிரேக், 21 கியர் என்ற ஸ்டிக்கர். தெரியாதது என்ன? ஹப், பெடல் அச்சின் பேரிங், ரிம்மின் தரம், ஸ்போக்ஸ் கம்பியின் இறுக்கம். தினமும் உங்களைச் சுமக்கப் போவது இந்த இரண்டாவது கோஷ்டிதான்.

மலிவான சஸ்பென்ஷன் ஃபோர்க் சுமார் இரண்டரை கிலோ எடை. உள்ளே ஸ்பிரிங் இருக்கும். அது குதிப்பதை அடக்குகிற ஏற்பாடு பெரும்பாலும் பேருக்குத்தான் இருக்கும். மிதிக்கிற சக்தியில் கொஞ்சத்தை அது சாப்பிட்டுவிடும். மழைக்காலம் இரண்டு போனால் துருவும் பிடிக்கலாம். குழியின் அதிர்ச்சியைத் தாங்க இதைவிட மலிவான வழியை 1888-லேயே பெல்ஃபாஸ்டில் ஜான் டன்லப் கண்டுபிடித்துவிட்டார், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக. காற்று! இரண்டு இன்ச் அகல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைவாக வைத்தாலே கும்மிடிப்பூண்டிக் குழிகளில் பாதி காணாமல் போய்விடும்.

ஆகவே வாங்குகிறவருக்கு என் யோசனை இதுதான். சக்கர அளவைப் பார்க்கும் முன் ஃபிரேம் அளவைப் பாருங்கள். சைக்கிளுக்கு மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு இன்ச் இடைவெளியாவது வேண்டும். குள்ளமானவர்களுக்கு 29 சில சமயம் தோதுப்படாது. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மட்கார்டும் கேரியரும் மாட்ட ஃபிரேமில் துளை இருக்கிறதா பாருங்கள். ஐப்பசி மழையில் முதுகில் கோடு விழும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள். சமதரையில் 21 கியரில் நாலைந்துக்கு மேல் தொடமாட்டீர்கள். டியூபில் மோட்டார் பைக் மாதிரி வால்வு இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே காற்று அடிக்கலாம். அந்த அளவு டியூபும் டயரும் உங்கள் பக்கத்துக் கடையில் கிடைக்குமா, கோட்டம் எடுக்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மிச்சம் பிடிக்கிற காசில் ஒரு ஹெல்மெட், பின்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு. அது மட்டும் பேரம் பேசக்கூடாத செலவு.

ஸ்பிரிங் இல்லாத, உறுதியான ஃபோர்க் வைத்த சைக்கிளையே பார்க்கச் சொல்லி அவருக்கு இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நீங்க சொல்றது கரெக்ட்டு சார். ஆனா பழைய மாடல் சைக்கிள்ல போனா ‘லேபர்’னு பார்க்கறாங்க. செக்யூரிட்டிகூட ‘டேய்’னுதான் கூப்பிடறான். அந்த சைக்கிள்ல போறவங்களை அப்படிக் கூப்பிட மாட்டாங்க.”

இப்போது சொல்லுங்கள், இவருக்கு என்ன பதில்?

‘ஆசையை அடக்கு’ என்று சொல்வது சுலபம். வள்ளுவரிலிருந்து ஓர் அதிகாரத்தை எடுத்து நீட்டிவிடலாம். ஆனால் குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு, ஊருக்குப் பாதிச் சம்பளத்தை அனுப்புகிறவருக்குப் போதுமென்ற மனத்தைப் போதிப்பதில் ஒரு கூச்சம் வரவேண்டும், இல்லையா? வறுமைக்கு ஓட்டை சைக்கிள்தான் அழகு என்று யார் சட்டம் போட்டது? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக என்று காரணம் இருந்தது. ஆனால் அவர்கள் தெருவில் மணி அடித்துக்கொண்டு போனதில் குடத்தைத் தாண்டி ஒரு விஷயம் இருந்தது. ‘நானும் போவேன்’ என்பது அது. அதைப் பகட்டு என்று சொல்லிவிட முடியுமா?

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தோர்ஸ்டீன் வெப்லன் 1899-லேயே பகட்டுக்காகச் செய்கிற செலவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட்டார். பிறர் மதிப்பதற்காக வாங்குகிறோம் என்றார். பணக்காரர் விஷயத்தில் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். நம் இளைஞர் விஷயத்தில் சிரிப்பு வரவில்லை. பணக்காரர், ஏற்கெனவே இருக்கிற மரியாதைமேல் இன்னொரு அடுக்கு வைக்கப் பார்க்கிறார். இவர் கேட்பதோ அடிப்படைத் தொகை. ‘டேய்’ என்று கூப்பிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே ஆசை தப்பில்லை என்ற முடிவுக்குத்தான் வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எதற்காகக் காசு கொடுக்கிறோம் என்பதில் நம்மை நாமே ஏமாற்றக் கூடாது. ‘குழிக்காக ஸ்பிரிங் வாங்குகிறேன்’ என்பது கணக்கில் பொய் எழுதுவது. ‘இந்த நாலாயிரம் ரூபாய் என் தலை நிமிர்வதற்காக’ என்று எழுதினால் அது நேர்மையான கணக்கு. அப்படி எழுதிய பிறகு, அந்த நாலாயிரத்துக்கு அது தகுமா என்று ஒரு முறை நிதானமாக யோசிக்கலாம். தகும் என்று பட்டால் தாராளமாக வாங்குங்கள். யோசித்து வாங்கியது வீண் செலவு ஆகாது.

இதற்கு ஓர் எளிய சோதனையும் உண்டு. கடையில் நிற்கும்போது நாம் எல்லோரும் மனசுக்குள் ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறோம். அதிகாலை, பழவேற்காட்டு ஏரி, நாரைகள், நண்பர்கள், செல்ஃபி. அந்த ஞாயிறு வருஷத்தில் எத்தனை வரும்? பதினெட்டாயிரம் ரூபாய் சைக்கிளை முப்பது ஞாயிறு ஓட்டிவிட்டு மாடிப்படிக்குக் கீழே தள்ளினால், ஒரு சவாரிக்கு 600 ரூபாய். அதையே, போக வர 40 ரூபாய் ஷேர் ஆட்டோவுக்குப் பதிலாகத் தினமும் வேலைக்கு ஓட்டினால், 450 வேலை நாளில் முதல் திரும்பிவிடும். அதற்குப் பிறகு ஓடுவது லாபம். அதனால், செவ்வாய்க்கிழமையை நினைத்துக்கொண்டு வாங்குங்கள். தூறல், தூக்கக் கலக்கம், டிபன் பாக்ஸ், ஆறு மணி ஷிஃப்ட். அந்த செவ்வாய்க்கிழமை காலையில் எந்த சைக்கிளை விரும்பி எடுப்பீர்களோ அதுதான் உங்கள் சைக்கிள். சைக்கிளுக்கு மட்டுமல்ல, வீடு, வேலை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் இந்த செவ்வாய்க்கிழமைச் சோதனை பொருந்தும்.

ஆனால் கணக்கு இதோடு முடியவில்லை. ஓர் இனம் பாக்கி இருக்கிறது. அது நம் பெயரில்.

2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி.யை 12 சதவிகிதத்திலிருந்து 5-ஆகக் குறைத்தார்கள். சந்தோஷம். ஆனால் அந்த நாலாயிரம் ரூபாய் இருக்கிறதே, அதுவும் ஒரு வரிதான். மரியாதை வரி. அதை விதிப்பது எந்த கவுன்சிலும் அல்ல. வசூலிப்பது நாம். பளபள ஹெல்மெட்டும் இறுக்கமான ஜெர்சியுமாக ஒருவர் சைக்கிளில் போனால் ‘ஃபிட்னஸ்’ என்று வியந்து வழிவிடுகிறோம். கேரியரில் சாப்பாட்டுப் பையோடு ஒடிசாக்காரரோ பீகார்க்காரரோ கறுப்பு சைக்கிளில் போனால் முதுகுக்குப் பின்னால் ஹாரனை அழுத்துகிறோம். இரண்டு பேர் சக்கரத்துக்கும் வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை என்று மேலே பார்த்தோம். இவான் இல்லிச் 1970-களில் எழுதிய ‘எனர்ஜி அண்ட் ஈக்விட்டி’ என்ற சின்னப் புத்தகத்தில், வேகம் கூடக்கூட அது சிலருடைய சொத்தாகி, மற்றவர்களின் நேரத்தையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும் என்று வாதாடினார். நம் நெடுஞ்சாலையில் அது மரியாதையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்கிறது.

அடுத்த முறை சென்னையிலிருந்து நெல்லூர்ப் பக்கம் போனால், கவரைப்பேட்டை தாண்டியதும் ஷிஃப்ட் விடுகிற நேரமா என்று கடிகாரத்தைப் பாருங்கள். சாலை ஓரமாக சைக்கிள்கள் வரிசையாக வரும். பாதிக்கு மேல் பழசாக இருக்கும், விளக்கு இருக்காது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கொஞ்சம் விலகி, ஹாரன் அடிக்காமல் தாண்டிப் போங்கள். உங்களுக்கு அரை நிமிஷம் நஷ்டம். அவர்களில் யாரோ ஒருவருக்கு நாலாயிரம் ரூபாய் மிச்சம்.