மிஸியின் பரீட்சை

தாதியரைத் தேர்வு வைத்துப் பதிவேட்டில் சேர்ப்பதை ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் எதிர்த்தார் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. 1860இல் லண்டனில் தாதியர் பள்ளி தொடங்கியவர். குணத்தைப் பரீட்சை அளக்காது என்பது அவர் கட்சி. மூன்றாண்டு டிப்ளோமா முடித்து, வாரியத் தேர்வுக்காகப் பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையில் பழைய கேள்விகளை உருப்போட்டுக்கொண்டிருந்தவளுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

சரி, குணத்தை யார் அளப்பது? மேட்ரன்தான். கிள்ளான் பக்கத் தோட்டத்திலிருந்து வந்த பெண் என்றால் "நல்ல குடும்பமா?" என்ற கேள்விதான் முதலில் வந்திருக்கும். பிரிட்டனில் பதிவுச் சட்டம் 1919இல் வந்தது, மலாயாவில் 1950இல். விடைத்தாளுக்கு என் அப்பா யாரென்று தெரியாது. அந்தக் குருட்டுத்தனம்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

இருந்தும், 'முதலில் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு நான்கில் ஒன்றைக் கறுப்பாக்கும்போது ஏதோ உறுத்துகிறது. பயிற்சியின்போது வார்டில் ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸி, நெஞ்சு வலிக்குதும்மா, டாக்டர்கிட்ட சொல்லிடாதே" என்றார். இன்னும் இரண்டு நாள் படுக்க வைத்தால் மகன் மறுபடியும் லீவு போட வேண்டும், வேலை போய்விடும் என்ற பயம். நான் சொல்லிவிட்டேன். தாளில் வந்திருந்தால் அதற்கு முழு மதிப்பெண். வீட்டுக்குப் போகும்வரை பாட்டி என்னிடம் பேசவில்லை.