கவலைக்கு மருந்து

 

வியாபாரியின் கவலை கல்லாப்பெட்டியைப் பூட்டிய பின்னும் வீடு வரை கூடவே வருகிறது. சென்ற ஆண்டு வராத பாக்கி ஒன்றை எண்ணி நாம் பல இரவுகள் கண்விழித்தோம். அந்தக் கோபத்தைக் கடைப்பையன் மீது காட்டினோம். பாவம், அவன் என்ன செய்வான்?

அபூதாவூது கிதாபில் ஒரு செய்தி வருகிறது. தொழுகை நேரமல்லாத வேளையில் அபூ உமாமா (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் அமர்ந்திருக்கக் கண்டு ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் காரணம் கேட்டார்கள். கவலையும் கடனும் வாட்டுவதாகப் பதில் வந்தது. காலையும் மாலையும் ஓத ஒரு துஆவை நபியவர்கள் கற்பித்தார்கள். அதில் கவலை, கடன் இவற்றோடு சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம் இவற்றினின்றும் பாதுகாவல் தேடப்படுகிறது. கவனியுங்கள்! ஓதிவிட்டுக் கைகட்டி இருப்பதற்கல்ல அந்த துஆ. வர வேண்டியதைக் கேட்கத் தயங்கலாகாது. தர வேண்டியதைத் தரக் கை சுருங்கலாகாது.

கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், ஒளுச் செய்யட்டும் என்பதும் நபிமொழியே. 1801-ல் தோன்றிய நம் கப்பித்தான் கெலிங் பள்ளியின் பாங்கு கடைவீதிக்குக் கேட்கிறது. கடையைப் பையனிடம் விட்டு அஸருக்கு நடந்து போய் வாருங்கள். நடையும் குளிர்ந்த நீரும் ஸஜ்தாவும் உடலையும் உள்ளத்தையும் சேர்த்தே ஆற்றும். அதற்கும் தூக்கம் வராவிட்டால், நெஞ்சு படபடத்தால், டாக்டரிடம் போக வெட்கமென்ன? மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னதும் நபியவர்களே.

நாம் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டோம். அன்றிரவு தூங்கினோம். பாக்கி இன்னும் வரவில்லை!

அல்லாஹ் நம் உள்ளங்களுக்கு அமைதி தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.